ஆழாக்கில் படி அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வயிற்றுப் பேரன் லேப்டாப்போடு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "தாத்தா, பத்து வரிதான். பாத்துச் சொல்லுங்க. நான் ஓகே குடுத்தா நாளைக்கு உள்ள போயிடும்."

அவனோடு வேலை பார்க்கும் ஒரு பையன் எழுதிய திருத்தம் அது. நாம் ஓரிடத்தில் காப்பி செய்த எழுத்து, பேஸ்ட் செய்யும்வரை கிளிப்போர்டு என்ற இடத்தில் காத்திருக்கும் அல்லவா? அதை எடுத்து 128 பைட் கொள்ளும் ஒரு சின்ன பஃபரில் போடுவதுதான் அந்தப் பத்து வரியின் வேலை. பஃபரை ஓர் ஆழாக்குப் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்போவது ஆழாக்கா, படியா என்பது முன்கூட்டித் தெரியாது.

அவனுக்குச் சொன்ன பழைய கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சி மொழியில் 'கெட்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. (தமிழ்க் காதுக்குக் கெட்டது போலவே ஒலிக்கும். பொருத்தம்தான்.) வருகிற வரியை வாங்கி நாம் காட்டும் இடத்தில் கொட்டும். எங்கே கொட்டுவது என்று அதனிடம் சொல்லலாம். எவ்வளவு கொள்ளும் என்று சொல்ல வழியே கிடையாது. யூனிக்ஸ் கணினிகளில் 'ஃபிங்கர்' என்ற சேவை இதைத்தான் நம்பியிருந்தது. வெளியூர்க் கணினி ஒரு பெயரை அனுப்பினால், அந்த ஆளைப் பற்றிய விவரம் சொல்லும் சேவை. பெயருக்கு ஒதுக்கிய இடம் 512 பைட். யாருக்கு அவ்வளவு நீளமாகப் பெயர் இருக்கப்போகிறது?

1988 நவம்பர் 2 அன்று 536 பைட் வந்தது.

அனுப்பியது, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ் எழுதி விட்ட புழு. கூடுதலான 24 பைட் பக்கத்தில் வழிந்தது. அந்தப் பக்கத்தில்தான், வேலை முடிந்ததும் எங்கே திரும்பவேண்டும் என்ற முகவரி இருந்தது. அதன்மேல் வேறு முகவரி ஏறி உட்கார்ந்துகொண்டது. வாக்ஸ் கணினிகள் வேலை முடித்துத் திரும்பும்போது தம் வீட்டுக்குப் போகாமல், புழு காட்டிய வாசலில் நுழைந்துவிட்டன. புழு பரவ வேறு வழிகளும் வைத்திருந்தது. எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை. ஒரே கணினியில் திரும்பத் திரும்பக் குடியேறி மூச்சுமுட்ட வைத்தது. சுமார் 6,000 கணினிகள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். மாரிஸுக்குச் சிறை இல்லை. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். அவருடைய அப்பா அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புத் துறையிலேயே பெரிய பொறுப்பில் இருந்தவர்!

ஃபிங்கரைச் சரிசெய்ய, கெட்ஸை எடுத்துவிட்டு அளவையும் கேட்டு வாங்கும் 'எஃப்கெட்ஸ்' போட்டாலே போதும். ஆனால் சி மொழித் தரத்திலிருந்து கெட்ஸை நீக்க 2011 ஆயிற்று.

"இதுல கெட்ஸ் இல்லையே தாத்தா. ஸ்ட்ரென்காபிதான் போட்டிருக்கான். அளவும் குடுத்திருக்கான்."

அதுவும் பழைய ஆள்தான். அந்தக்கால யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 எழுத்து இடம். அந்த மாதிரிக் கட்டங்களை நிரப்பப் பிறந்தது ஸ்ட்ரென்காபி. கட்டம் முழுக்க நிரம்பிவிட்டால், 'இத்துடன் முடிந்தது' என்று காட்டும் பூஜ்ஜியத்தை அது வைக்காது. பிறகு படிக்கிற ப்ரோகிராம் நிற்குமிடம் தெரியாமல் அடுத்த வீட்டையும் படித்துக்கொண்டே போகும். பையன் முழு 128-ஐயும் கொடுத்திருந்தான்.

சரி, 127 கொடுத்துக் கடைசியில் பூஜ்ஜியம் வைத்தால் முடிந்ததா? வழியாது, ஆனால் வெட்டும். வெட்டுவது என்றால் எனக்கு இன்னும் ஒரு முகம் நினைவுக்கு வரும். நான் வேலை பார்த்த இடத்தில் ஓய்வூதியப் பட்டியல் அச்சிடும் ப்ரோகிராமில் பெயருக்கு 20 எழுத்து வைத்திருந்தோம். எழுதியவர் வேறொருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு அம்மாவின் பெயர் 23 எழுத்து. பெயர் பொருந்தவில்லை என்று காசோலை திரும்பிவிட்டது. அவர் பஸ் ஏறி வந்து என் மேஜை முன்னால் நின்று, "எம்பேரு பாதிதான் இருக்கு தம்பி" என்றார். அந்த மாதம் அவர் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை.

தமிழில் இது இன்னும் மோசம். அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது, ஓரெழுத்துக்கு ஒரு பைட். இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. ஆக 15 பைட். 127-இல் இப்படி 42 குறிதான் அடங்கும், ஒரு பைட் அநாதையாக நிற்கும். திரையில் கேள்விக்குறி வருவது அதனால்தான். குறி முழுதாக இருந்தாலும், புள்ளியில் வெட்டினால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். 'பணம் அனுப்ப வேண்டாம்' என்பது 'பணம் அனுப்ப' என்று நின்றால்?

பேரன் ஓகே கொடுக்கவில்லை. பூஜ்ஜியத்துக்கு இடம் விடு. கொள்ளாவிட்டால் சத்தமில்லாமல் வெட்டாதே, கொள்ளவில்லை என்று சொல்லிவிடு என்று எழுதி அனுப்பினான். சோதித்துப் பார்க்க ஒரு நீளமான தமிழ் வாக்கியம் கேட்டான். அவன் பாட்டி மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாமான் பட்டியலை அப்படியே கொடுத்தேன்.