வில்லும் வேகமும்: செட்டிநாட்டு மண்சாலையும் சோழவரம் ஓடுதளமும்

ஒரு வண்டியின் உடல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதையும், அதைத் தாங்கும் வில் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானிப்பது அது ஓட வேண்டிய தரையே. இந்த எளிய உண்மை, மாட்டுவண்டிக் காலத்திலிருந்து மோட்டார் பந்தயக் காலம் வரை தமிழ்நாட்டு வண்டித் தொழிலின் வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்கிறது. காரைக்குடியை நடுவாகக் கொண்ட செட்டிநாட்டுப் பகுதி செம்மண்ணும் செம்பாறாங்கல்லும் கலந்த வறண்ட நிலம். கண்மாய்களும் ஊருணிகளும் நெருங்கிக் கிடப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கலுங்கு தாண்டிய நீர் பாதைகளை அறுத்து ஓடும். நீர் வடிந்தபின் சக்கரத்தடங்கள் பள்ளமாக இறுகிவிடும். இத்தகைய பாதையில் தாழ்ந்த வண்டிக்கு வேலை இல்லை. இப்பகுதியின் வணிகச் சமூகத்தாரான நகரத்தார் தங்கள் வீடுகளைத் தெருமட்டத்திலிருந்து உயர்ந்த அடித்தளத்தின்மேல் எழுப்பிய அதே ஊர்களில், வண்டிகளும் உயர்ந்தே நின்றன.

அவ்வூர்களில் வசதி படைத்தோரின் ஊர்தியாக இருந்தது வில்வண்டி. அச்சின்மீது நேரடியாக அமரும் பாரவண்டியில் சக்கரம் வாங்கும் அடி முழுவதும் ஏறியிருப்பவரின் முதுகெலும்புக்குப் போய்ச் சேரும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கிய வில் அமைக்கப்பட்டு, அந்த அடியை வாங்கி மெல்ல விடுவித்தது. பட்டைகளை அடுக்கி வளைத்துக் குதிரை வண்டியின் உடலைத் தாங்கச் செய்யும் நீள்வட்ட வில்லுக்கு ஒபதையா எலியட் என்பவர் 1804இல் இலண்டனில் காப்புரிமை பெற்றார். பின்னர் ஆங்கிலேயரின் குதிரை வண்டிகளோடு அத்தொழில்நுட்பம் இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. அதை மாட்டுவண்டிக்கு ஏற்ற வகையில் மாற்றிக்கொண்டவர்கள் இங்கிருந்த தச்சரும் கொல்லருமே. குடம், ஆரக்கால், வட்டை ஆகியவற்றைக் கோத்துச் செய்த பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருண்டது. சக்கரம் பெரிதானதால் அச்சு உயர்ந்தது. அச்சின்மேல் வில்லும், வில்லின்மேல் கூண்டும் ஏறியதால், வைக்கோல் பரப்பி மெத்தை விரித்த இருக்கை தரையிலிருந்து வெகு உயரத்தில் அமைந்தது. மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இந்த உயரத்தால் தீங்கில்லை.

வேகம் வேண்டியபோது வண்டியின் வடிவமே மாறியது. சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி நடைபெறும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம், அதாவது குறித்த எல்லைவரை ஓடித் திரும்பும் நெடுந்தூரப் பந்தயம், பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் வகுத்து மைல் கணக்கில் சாலையிலேயே ஓட்டப்படுவது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவில் சில நூறு மீட்டர் பாய்ச்சலே போட்டி. இங்கோ சாரதியும் துணைச் சாரதியும் திரும்புமுனையில் வண்டி கவிழாமல் வளைத்துக் கொண்டுவந்தாக வேண்டும். பந்தய வண்டியில் கூண்டு கிடையாது, சுமை கிடையாது. அச்சு, சக்கரம், நுகத்தடியோடு இணையும் நீண்ட தண்டு, கால் ஊன்ற ஒரு சிறு தட்டு ஆகியவற்றோடு வண்டி முடிந்துவிடுகிறது. எடைமையம், அதாவது வண்டியின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க இடம், இதனால் அச்சை நெருங்கி இறங்குகிறது. வளைவில் வண்டியைக் கவிழ்ப்பது அந்தப் புள்ளியின் உயரமே என்பதை எந்தப் பொறியியல் நூலையும் திறக்காமலேயே இவ்வண்டிகளைச் செய்தோர் அறிந்திருந்தனர்.

பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தாரின் செல்வம் உச்சத்தில் இருந்த 1920களிலும் 1930களிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்ட மோட்டார் கார்கள் செட்டிநாட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையில் தொடங்கிய பேருந்துச் சேவை தென்மாவட்டங்களில் மோட்டார் போக்குவரத்துக்கு வழி திறந்திருந்தது. அக்காலத்துக் கார்கள் உயர்ந்த சட்டகமும், முன்னும் பின்னும் குழைவான பட்டைவில்லும் கொண்டவை. வில்வண்டி ஓடிய அதே தடங்களில் அவற்றால் செல்ல முடிந்ததற்குக் காரணமே அந்த உயரந்தான். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது நகரத்தாரின் தொழில் தளம் சரிந்தது. புதிய கார்களின் வரவும் ஒடுங்கியது.

அதே போர் தமிழ்நாட்டுக்கு வேறொன்றைக் கொடுத்தது. ஜப்பானியத் தாக்குதலை எதிர்நோக்கிய பிரிட்டிஷ் அரசு பல இடங்களில் போர் விமானங்களுக்கான ஓடுதளங்களை அமைத்தது. அவற்றுள் ஒன்று செட்டிநாட்டிலும், மற்றொன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் அமைந்தன. பள்ளமும் மேடும் இல்லாத நீண்ட கெட்டித்தரை என்பது அன்றைய தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத பொருள். போருக்குப் பின் செட்டிநாட்டு ஓடுதளம் பயனின்றிக் கிடந்தது; சோழவரமோ மோட்டார் பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஆங்கில எழுத்தான 'டி' வடிவில் இருந்த அந்த ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தத் தொடங்கி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஓட்டுநரை ஈர்த்தது. இரண்டு தளங்களின் விதி இவ்வாறு பிரிந்ததற்கு மண் காரணமன்று. பட்டறைகளும் டயர், உதிரிப்பாகத் தொழில்களும் சங்கமும் பார்வையாளரும் சென்னையில் ஒருசேர இருந்ததே காரணம்.

சோழவரத்தில்தான் காரைத் தாழ்த்துவது என்னும் கலை தமிழ்நாட்டில் பொருளுள்ளதாயிற்று. அதன் பயனைக் கணக்கால் விளக்கலாம். 1,000 கிலோ எடையும், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.25 மீட்டர் அகலமும், 55 சென்டிமீட்டர் உயரத்தில் எடைமையமும் கொண்ட ஒரு கார், தன் எடையில் பத்தில் ஏழு பங்கு பக்கவிசையோடு வளைவில் திரும்பினால், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு 308 கிலோ எடை மாறுகிறது. எடைமையம் 5 சென்டிமீட்டர் இறங்கினால் மாறும் எடை 280 கிலோவாகக் குறைகிறது. 28 கிலோ அற்பமாகத் தோன்றலாம். ஆனால் டயரின் பிடிப்பு அதன்மேல் ஏறும் எடைக்குச் சமமான விகிதத்தில் கூடுவதில்லை என்பதால், நான்கு டயர்களும் சுமையை எவ்வளவு சமமாகப் பகிர்கின்றனவோ அவ்வளவு வேகத்தை அந்தக் கார் வளைவில் தாங்கும். உடல் இறங்கும்போது வில் அமுங்குவதற்கு எஞ்சியிருக்கும் இடம் குறைகிறது. குறைந்த இடத்துக்குள் அதே அடியைத் தாங்க வேண்டியிருப்பதால் வில் இறுக வேண்டும். தாழ்த்துவதும் இறுக்குவதும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காத இரட்டைச் செயல் என்பதை உணராமல், காரை இறக்கிவிட்டு வில்லை மட்டும் பழையபடி விட்டவர்கள் சட்டகம் அச்சில் மோதும் ஓசையைக் கேட்டே பாடம் கற்றிருப்பர்.

1950களின் நடுவில் வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால், பந்தயக்காரர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் மூன்றே கார்கள்: பம்பாயின் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட் 1100, உத்தரபாராவின் அம்பாசிடர், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றுக்கெனப் பந்தய வில் எதுவும் கடையில் கிடைக்காது. ஒவ்வொன்றையும் தாழ்த்தும் வழி அதனதன் அமைப்பிலிருந்தே கண்டறியப்பட வேண்டியிருந்தது.

ஃபியட்டின் முன்பக்கம் சுருள்வில், அதாவது எஃகுக் கம்பியைத் திருகாகச் சுற்றிய வில் இருந்தது. அதில் ஒரு சுற்றை அறுத்தெடுத்தால் கார் இறங்கும்; கூடவே வில்லும் இறுகும். எட்டுச் சுற்றுகள் வேலை செய்யும் வில்லில் ஒன்றைக் குறைத்தால் இறுக்கம் ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 14 விழுக்காடு கூடுகிறது. இரண்டைக் குறைத்தால் 33 விழுக்காடு. அறுக்கும்போது நெருப்பு காட்டி எஃகின் பதத்தைக் கெடுத்துவிட்டால் வில் சில வாரங்களிலேயே தொய்ந்துவிடும் என்பதால், பொறுமையான மெக்கானிக் ரம்பத்தால் அறுப்பதையே விரும்புவார். அதே காரின் பின்பக்கத்துப் பட்டைவில்லில் இந்தச் சிக்கனம் செல்லாது. பட்டை ஒன்றை உருவினால் கார் இறங்கும், ஆனால் வில் தளர்ந்துவிடும்; பந்தயத்துக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. எனவே பட்டைகளைக் கழற்றி, வளைவைக் குறைத்து அடித்து நிமிர்த்தி, தேவைக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டுவதோ, அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைத்து இறக்குவதோ வழியாயிற்று.

அம்பாசிடரின் முன்பக்கம் இவ்விரண்டும் அல்லாத முறுக்குத்தண்டைக் கொண்டது. காரின் நீளவாட்டில் படுத்திருக்கும் அந்த எஃகுத் தண்டு சக்கரம் ஏறி இறங்கும்போது முறுகி மீள்கிறது. அதன் ஒரு முனையின் நிலையை மாற்றிப் பொருத்தினால் உயரம் குறையும், இறுக்கம் அப்படியே இருக்கும். இறுக்கமும் வேண்டுமெனில் தடித்த தண்டே போட வேண்டும். தண்டின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே இறுக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், ஏனெனில் அது விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுவது.

மூன்றில் மிகுந்த கவனத்தைக் கேட்டது ஹெரால்டு. அதன் பின்சக்கரங்கள் நடுப்பெட்டியிலிருந்து ஊஞ்சல்போல ஆடும் அரை அச்சுகளில் தொங்கின; குறுக்கே ஒரே பட்டைவில் இரண்டையும் தாங்கியது. வேகமாக வளைகையில் பின்பகுதி மேலெழுந்தால் சக்கரம் உள்நோக்கி மடிந்து கார் சட்டெனச் சுழலும் ஆபத்து அதில் இருந்தது. நடுப்பெட்டிக்கும் வில்லுக்கும் இடையே ஒரு கட்டையைச் செருகிப் பின்பகுதியை இறக்கினால் சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். மடிவதற்கான வாய்ப்பு குறைந்துவிடும். இக்காரைப் பந்தயத்துக்கு அணியமாக்குவோர் உலகெங்கும் கையாண்ட வழி இது. ஹெரால்டைத் தாழ்த்துவது வேகத்தைவிட உயிர்க்காப்பைச் சார்ந்தது என்றே கொள்ள வேண்டும். 1972இல் அதன் வழித்தோன்றலாக வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் நிறுவனமே அந்த ஊஞ்சல் அச்சைக் கைவிட்டு ஒற்றை அச்சுக்கு மாறியது.

இந்த வேலைகளைச் செய்த கைகளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. பந்தய வரலாறு ஓட்டுநரின் பெயரையும் காரின் பெயரையும் பதிந்து வைத்திருக்கிறது. பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைவைக் குறைத்து, எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றிய லாரிப் பட்டறைக் கொல்லரைப் பதியவில்லை. பொறியாளரின் கணக்குக்கு நிகராக வைக்கத்தக்கது அவரது கண்ணளவு. வில்லெஃகின் இயல்பை அவர் அறிந்த அளவுக்குச் சான்று சிவகங்கை மாவட்டத்திலேயே உண்டு: அரிவாளுக்குப் பெயர்போன திருப்பாச்சேத்தியைப் போன்ற கொல்லர் ஊர்களில் தேய்ந்த லாரிப் பட்டை அரிவாளுக்கு உகந்த எஃகாக மதிக்கப்படுவது, வளைந்தும் மீளும் உறுதி கூர்மைக்கும் உதவும் என்னும் அனுபவத்தால்தான். செட்டிநாட்டின் மூலதனமும் இத்தொழிலைத் தொட்டது. பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார், பர்மாவின் மோல்மேனில் தொடங்கிய தொழிலை இந்தியாவுக்குத் திருப்பி, 1949இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். மிதிவண்டியில் தொடங்கிய அந்நிறுவனம் பிற்காலத்தில் ஷாக் அப்சார்பருக்கு, அதாவது வில்லின் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்கும் தணிப்பானுக்கு, வேண்டிய துல்லியமான எஃகுக் குழாய்களையும் செய்தது. வில்லை இறுக்கியபின் தணிப்பானையும் அதற்கேற்ப மாற்றாவிடில் கார் தரையில் பதியாமல் துள்ளிக்கொண்டே செல்லும் என்பதால், அக்குழாயின் இடம் இவ்வரலாற்றில் சிறியதன்று.

1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பந்தயத்துக்கென்றே பாதை திறக்கப்பட்டபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், சாலைக் காரைத் தாழ்த்துவதோடு நில்லாமல், மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டி, குறைந்த செலவில் இளைஞர் ஓட்டப் பழக வழிசெய்தார். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. அத்தகைய காரில் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

பந்தயப் பாதையில் பிறந்த இக்கலை இப்போது ஊர்ச் சாலைக்கும் வந்துவிட்டது. தாழ்த்தும் சுருள்வில் பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே உறுதிப்படுத்தியது. சட்டத்தைவிடச் சாலை கண்டிப்பானது. இந்தியச் சாலைப் பேரவை வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 2.5 மீட்டர் அச்சிடைவெளியுள்ள கார் அதைக் கடக்கும்போது, வளைவு மெதுவாக எழுவதால், இரு அச்சுகளுக்கு நடுவே மேடு துருத்துவது 4.6 சென்டிமீட்டர் மட்டுமே. ஊர்க்காரர்கள் தெருமுனையில் தாமாகவே போட்டுவைக்கும் குறுகிய மேட்டிலோ அந்த 10 சென்டிமீட்டரும் முழுதாகத் துருத்தும். தரையிலிருந்து 16.5 சென்டிமீட்டர் உயரமுள்ள காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தி, வில்லை மூன்றில் ஒரு பங்கு இறுக்கி, ஐந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிப் பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டால், மேலும் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அமுங்கிய அடிப்பகுதிக்கு எஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். விதிப்படி அமைந்த மேட்டை அது தாண்டிவிடும். குறுகிய மேட்டில் உரசும்.