கலிஃபோர்னியாவில் சம்பள வரியும் முதலாளியின் கடமைகளும்

அமெரிக்காவில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பவர் இரண்டு அரசுகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர், கூட்டரசு வருமான வரி ஆகியவை ஒரு பக்கம். மாநிலத்தின் சம்பள வரியும் தொழிலாளர் சட்டமும் மறுபக்கம். மாநிலப் பக்கம் இடத்துக்கு இடம் மாறும். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை என்பதால் அதற்கான பிடித்தமும் இல்லை. கலிஃபோர்னியாவிலோ நான்கு வரிகள் உண்டு. தொழிலாளர் சட்டமும் நாட்டிலேயே கண்டிப்பான சட்டங்களில் ஒன்று.

ஒரு காலாண்டில் 100 டாலருக்கு மேல் கூலி கொடுத்துவிட்டால், அடுத்த 15 நாட்களுக்குள் மாநில வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு சமையற்காரரை வைத்திருக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் இந்த விதி பொருந்தும். புதிதாகச் சேர்ந்தவரின் விவரத்தை 20 நாட்களுக்குள் அதே துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் பராமரிப்புச் செலவைத் தரக் கடமைப்பட்ட பெற்றோர் வேலை மாறித் தப்பிவிடாமல் இருக்க இந்தப் பதிவேடுதான் உதவுகிறது. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் கொடுத்த கூலி, பிடித்த வரி ஆகியவற்றை மின்வழியில் தாக்கல் செய்ய வேண்டும்.

நான்கு வரிகளில் இரண்டு முதலாளியின் பையிலிருந்து போகின்றன. இரண்டு தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகின்றன. முதலாளி கட்டுவன வேலையிழப்புக் காப்பீட்டு வரியும், 0.1 விழுக்காடே ஆன பயிற்சி வரியும். தொழிலாளியிடம் பிடிப்பன மாநில வருமான வரியும் இயலாமைக் காப்பீட்டுத் தொகையும். பிடித்த பணம் முதலாளியின் பணம் அல்ல. வியாபாரம் நொடித்துப்போகும்போது அதை எடுத்து வாடகை கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே கட்டாமல் விட்டால், நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவரிடமே நேரடியாக வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இயலாமைக் காப்பீடு 1946இல் வந்தது; இதில் 1942இல் முந்திக்கொண்ட ரோட் ஐலண்டுக்கு அடுத்த மாநிலம் கலிஃபோர்னியா. வேலைக்கு வெளியே நோயோ காயமோ வந்து படுத்தவருக்கும், பிள்ளை பெற்றவருக்கும் இதிலிருந்து வாராந்திரத் தொகை கிடைக்கும். பிறந்த குழந்தையையோ நோயுற்ற பெற்றோரையோ கவனிக்க விடுப்பு எடுப்பவருக்கும் 2004 முதல் இதே நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கிறது. 2023 வரை ஒரு குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் பிடித்தம் கிடையாது. 2024 ஜனவரி 1 முதல் அந்த உச்சவரம்பு நீங்கிவிட்டது. 2025இல் முழுச் சம்பளத்திலும் 1.2 விழுக்காடு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழர் பலர் தங்கள் சம்பளச் சீட்டில் இந்த வரி ஆண்டு முழுக்க ஓடுவதைக் கண்டு திகைத்தது அந்த மாற்றத்தால்தான். கூடுதல் வரவு வீணாகவில்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் உதவி 2025 முதல் கூலியில் 90 விழுக்காடு வரை உயர்ந்தது.

வேலையிழப்புக் காப்பீட்டின் கதை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டின் முதல் 7,000 டாலர் கூலிக்கு மட்டுமே இந்த வரி உண்டு. புதிய முதலாளிக்கு 3.4 விழுக்காடு, பிறகு ஆட்களை நீக்கிய வரலாற்றைப் பொறுத்து 1.5 முதல் 6.2 வரை. 7,000 என்பது கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு. 1983 முதல் அது மாறவில்லை. கலிஃபோர்னியாவும் அங்கேயே நிற்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் 2024இல் இதே வரம்பு 68,500 டாலர். ஆண்டுக்கு 20,000 டாலர் வாங்கும் பகுதிநேர ஊழியருக்கும் 3 லட்சம் வாங்கும் பொறியாளருக்கும் ஒரே அளவு வரி கட்டுவது நியாயமும் இல்லை, விவேகமும் இல்லை. 2020இல் கொரோனா வந்ததும் நிதி காலியாகி, மாநிலம் கூட்டரசிடம் சுமார் 2,000 கோடி டாலர் கடன்பட்டது. அந்தக் கடன் தீராததால் முதலாளிகளுக்குக் கூட்டரசு தரும் வரிச் சலுகை ஆண்டுக்கு 0.3 விழுக்காடு வீதம் குறைந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் ஆள் ஒன்றுக்கு 63 டாலர் கூடுதல். ஒருவரையும் நீக்காத முதலாளியும் இதைக் கட்டினார். வேலை இழந்தவருக்குக் கிடைக்கும் உச்சத் தொகையோ 2005 முதல் வாரம் 450 டாலரிலேயே நிற்கிறது.

வரியைத் தாண்டினால் கூலிச் சட்டம். 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர், பெரிய துரித உணவுத் தொடர்களில் 2024 ஏப்ரல் முதல் 20. சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்கள் மாநில அளவுக்கு மேல் தாங்களே ஒரு தொகையை விதிக்கின்றன. கூட்டரசுச் சட்டம் வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால்தான் ஓவர்டைம் என்கிறது. கலிஃபோர்னியா நாளையும் எண்ணுகிறது: ஒரே நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, 12க்கு மேல் இரு மடங்கு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஐந்தாவது மணி முடிவதற்குள் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை தர வேண்டும். தராத நாளுக்கு ஒரு மணி நேரக் கூலி கூடுதலாகச் சேரும். வேலைக்காகத் தொழிலாளி செய்த செலவை, சொந்த அலைபேசியைப் பயன்படுத்தியதன் நியாயமான பங்கு உட்பட, திருப்பித் தர வேண்டும். ஒரே ஆள் இருந்தாலும் விபத்து இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம்.

வேலை முடியும் நாளில்தான் பலர் தவறுகிறார்கள். நீக்கப்பட்டவருக்கு அந்த இடத்திலேயே முழுக்கணக்கும் தீர்க்க வேண்டும்; முன்னறிவிப்பின்றி விலகியவருக்கு 72 மணி நேரத்துக்குள். எடுக்காத விடுமுறை நாட்களும் சம்பாதித்த கூலிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்த்தது. ஆகவே ஆண்டு முடிந்தால் விடுமுறை காலாவதி என்று அங்கே எழுத முடியாது. வேண்டுமென்றே தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி, 30 நாள் வரை. கையில் காசில்லாமல் நிற்பவருக்கு இதைவிட உருப்படியான பாதுகாப்பு அந்தச் சட்டத்தில் குறைவு. அரசின் சார்பில் தொழிலாளியே வழக்குத் தொடுக்கவும் 2004 முதல் வழி உண்டு. அபராதத்தில் தொழிலாளர்களுக்குச் சேரும் பங்கு 2024 திருத்தத்தில் 25 விழுக்காட்டிலிருந்து 35 ஆயிற்று.

இத்தனை கடமைகளும் ‘தொழிலாளி’ என்ற ஒரு சொல்லைப் பற்றித் தொங்குகின்றன. ஆளைச் சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் காப்பீடு, ஓவர்டைம், இடைவேளை எதுவும் இல்லை. கூரியர் நிறுவனமான டைனமெக்ஸ் தன் ஓட்டுநர்களை 2004இல் அப்படித்தான் மாற்றி எழுதியது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் மூன்று கேள்விகளை வைத்தது: வேலை செய்பவர் மற்றவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவரா? செய்யும் வேலை அந்த நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ளதா? அவர் அந்தத் தொழிலைத் தனியே நடத்தி வருபவரா? மூன்றையும் ஆம் என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. கடையில் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வரும் குழாய்க்காரர் வெளியாள். கேக் கடைக்காகத் தொடர்ந்து கேக் அலங்கரிப்பவர் அந்தக் கடையின் தொழிலாளி. இந்தச் சோதனை 2020 ஜனவரி 1 முதல் சட்டமாகவும் வந்தது.

அதே ஆண்டு நவம்பரில், ஊபர், லிஃப்ட் முதலிய நிறுவனங்கள் பெரும்பணம் செலவிட்டு ஆதரித்த 22ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. செயலி வழி ஓட்டுநர்களும் உணவு கொண்டுசேர்ப்பவர்களும் சோதனைக்கு வெளியே போனார்கள். 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியில் 120 விழுக்காடு உத்தரவாதம் உண்டு. அழைப்பை ஏற்ற நிமிடத்திலிருந்து பயணம் முடியும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. அடுத்த அழைப்புக்காகத் தெருவோரம் வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் நேரம் அதில் சேராது.