முள்ளும் தட்டும் கணிப்பொறியும்

பொருநைக் கரை ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் ‘ரேடியோ செட்’ என்று சொல்லிப் பாருங்கள். வேப்பமரத்து உச்சியிலோ தென்னையின் கழுத்திலோ கட்டிய குழாய் ஒலிபெருக்கி அவர் நினைவில் உடனே பாடத் தொடங்கும். வானொலிக்கும் அக்கருவிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இசைத்தட்டைச் சுழற்றும் பெட்டி, ஆம்ப்ளிபயர், ஒரு மைக்கு, இரண்டு மூன்று குழாய்கள், மின்சாரம் எட்டாத ஊரானால் கார் பேட்டரி, அவ்வளவே. ஆயினும் மக்கள் வைத்த பெயரே நிலைத்தது. இன்று அதே ஊர்களின் திருமண மேடைகளில் ‘டி.ஜே.’ என்னும் பெயரோடு மடிக்கணினியும் ஒளிரும் பொத்தான் பலகையும் அமர்ந்திருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாற்றை, அதாவது இரு சுழல்தட்டுகளும் ஓர் ஒலிக்கலவைக் கருவியும் கணிப்பொறியோடு வந்து சேர்ந்த வரலாற்றை, நம் வட்டாரத்தில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய வட்டத்தின் மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். சுடலைமாடன் கொடையில் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் இடைப்பட்ட பொழுதெல்லாம் ஊர் கேட்டது இசைத்தட்டைத்தான். வில்லையும் மகுடத்தையும் ஆராய்வோர், பந்தலின் மூலையில் சுழன்ற தட்டைக் கணக்கில் கொள்ளாமல் செல்வது முறையாகுமா?

தட்டு வடிவ ஒலிப்பதிவுக்கு எமிலி பெர்லினர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1887. கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் 1902-இல் பதிவாயிற்று. 1908-இல் அந்நகரின் சியால்தாவில் கிராமபோன் நிறுவனம் தட்டு அடிக்கும் ஆலையைத் திறந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அத்தட்டின் முக்கியமான மூலப்பொருள் அரக்கு. மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சி தரும் அப்பொருளை உலகுக்கு வழங்கியதில் முதலிடம் இந்தியாவுக்கே. நம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் குரல் அதற்குப் பின்னும் ஊர்தோறும் உலவியது அரக்குத் தட்டின் உபயமே.

கிட்டப்பாவின் குரல் நாடகக் கொட்டகைகளை நிறைத்த அதே காலத்தில், 1929-இல், சிங்கம்பட்டி ஜமீன் தன் காட்டில் 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் எழுந்தன. அரக்கும் தேயிலையும் இந்த மண்ணில் விளைந்தவை. விலை வைத்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். சமவெளியிலிருந்து மலையேறிய மக்கள் தம் வழிபாட்டையும் உடன் கொண்டு சென்றனர். வழிபாடு உண்டெனில் திருவிழா உண்டு. திருவிழா உண்டெனில் செட்டும் உண்டு.

செட்டுக்காரரின் தொழிலைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். பின் முள்ளை எடுக்க வேண்டும். தட்டைத் திருப்ப வேண்டும். எஃகு முள்ளாயின் மாற்றவும் வேண்டும். பின்னாளில் வினைல் தட்டுகள் வந்து நிமிடங்கள் கூடின. எனினும் சுழல்மேடை ஒன்றே ஆகையால் இரண்டு பாட்டுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியில்தான் மைக்குக்கு உயிர் வரும். வரி கொடுத்தவர் பெயர், காணாமற்போன குழந்தையின் சட்டை நிறம், அடுத்த பூசையின் நேரம், வில்லுப்பாட்டுக் குழு வந்திறங்கிய செய்தி ஆகிய யாவும் முள் எடுத்த பின், மறுமுள் வைக்கும் முன் சொல்லப்பட்டவை. முதற்பாட்டு சீர்காழி கோவிந்தராசனின் விநாயகர் பாடல். அம்மன் கொடையாயின் எல்.ஆர். ஈசுவரி. நள்ளிரவுக்கு மேல் ‘திருவிளையாடல்’ (1965) கதைவசனத் தட்டு. வரிசையை வகுத்தவர் செட்டுக்காரரே. ஊரின் மனநிலையறிந்து தட்டைத் தேர்ந்த அவரை எந்தக் கலைஞர் பட்டியலிலும் காண முடியவில்லை.

இந்த இடைவெளியையே ஒழிக்கப் பிறந்தது இரட்டைத் தட்டு ஏற்பாடு. அதன் பிறப்பிடம் நியூயார்க்கு நகரம். நடனக் கூடத்தில் பாட்டு நின்றால் ஆடுவோர் இருக்கைக்குத் திரும்பிவிடுவர். எனவே ஒரு தட்டு முடியுமுன் மறு தட்டு அதே தாளநடையில் உள்நுழைய வேண்டும். 1960-களின் இறுதியில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இதைத் தேர்ந்த கைத்தொழிலாக்கினார். 1971-இல் போசாக் நிறுவனம் இதற்கென்றே கலவைக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டு, 1972-இல், ஜப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் எஸ்.எல்.-1200 என்னும் சுழல்மேடையை வெளியிட்டது. பழைய பெட்டிகளில் மோட்டாரையும் மேடையையும் ரப்பர் பட்டை இணைத்தது. இதிலோ மோட்டாரின் மேலேயே மேடை அமர்ந்தது. கையால் நிறுத்தினாலும் பின்னோக்கி இழுத்தாலும், விட்ட கணமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் அமர்ந்து இசை கேட்போருக்கென அமைத்த கருவி, இந்தக் குணத்தாலேயே வேறு கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அக்கைகள் பிராங்க்ஸ் பகுதியின் ஏழைக் கறுப்பின இளைஞர்களுடையவை. ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் சாலைக் குடியிருப்பில் நடந்த விருந்தில் தட்டுச் சுழற்றினார். ஒரே பாட்டின் இரண்டு படிகளை இரு மேடைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாறி மாறி நீட்டிக்கும் உத்தி அவருடையது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதைக் கணக்காகச் செம்மைப்படுத்தினார். அடுத்த தட்டைக் காதுக் கருவியில் தான் மட்டும் முன்கூட்டிக் கேட்கவும், தட்டு மேடையின் மேல் வழுக்க அடியில் கஞ்சியிட்ட கம்பளித் துணியை விரிக்கவும் வழி கண்டவர் அவர். தையல் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கே அந்த யோசனை வரும். கருவி செய்தவர்கள் நினைத்தும் பாராத பயனை, கருவி வாங்க வசதியற்றவர்கள் கண்டனர்.

இரு தட்டுகளின் தாளத்தை ஒன்றச் செய்வது நமக்கு அந்நியமானதன்று. கணியான் கூத்தில் மகுடம் இரண்டு: ஒன்று உச்சம், மற்றது மந்தம். தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிச் சுருதி சேர்த்து, ஒருவர் அடிக்கும் இடைவெளியில் மற்றவர் அடி விழ, இரண்டும் ஒரே ஓட்டமாகும். இரு தட்டுக்காரர் தேடுவதும் இந்த ஓட்டத்தையே. மகுடக் கலைஞர் இருவர், தட்டுக்காரர் ஒருவர் என்பதே வேற்றுமை. இதனால் இது அதிலிருந்து வந்தது என்று நான் கூறவில்லை. அத்தகைய முடிவுகளுக்கு நம் ஆய்வேடுகளில் பஞ்சமில்லை.

இனிக் கருவியைப் பூட்டும் முறைக்கு வருவோம். தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் முள் எழுப்பும் மின்னலை மிகச் சிறியது, சில மில்லிவோல்ட்டே. ஒலிநாடா, கணிப்பொறி போன்றவை தரும் அலை அதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். ஆகவே கலவைக் கருவியின் பின்புறம் தட்டுக்கு ஒரு வாயிலும் பிறவற்றுக்கு வேறொரு வாயிலும் தனித்தனியே இருக்கும். மாற்றிச் செருகினால் ஒலி ஈனமாகும், அல்லது அலறும். சுழல்மேடையிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரைக் கலவைக் கருவியின் திருகில் முடுக்காவிடில் வண்டு இரைவது போன்ற ஓயாத ஓசை எழும். முள்ளின் பாரத்தை அளந்து வைக்க வேண்டும்: குறைந்தால் முள் துள்ளும், மிகுந்தால் தட்டு தேயும். நம் செட்டுக்காரர்கள் முள்ளின் தலையில் காசு ஒன்றை ஒட்டிப் பாரம் ஏற்றியதும் இதே அறிவுதான்.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் தந்த ஒலிப்பேழை, 1980-களில் நம் நாட்டில் தட்டை வீழ்த்தியது. பின் குறுந்தகடு, அதன் பின் கணிப்பொறிக் கோப்பு. 1990-களில் இந்தியாவில் தட்டு உற்பத்தி ஏறத்தாழ நின்றே போயிற்று. ஆயிரம் பாட்டு ஒரு கணிப்பொறியில் அடங்கிய பின் தட்டுப்பெட்டி சுமப்பவர் யார்? ஆனால் சுட்டெலியைச் சொடுக்கிப் பாட்டைத் தொடங்கலாமே தவிர, பாட்டைக் கையால் பிடிக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க நெதர்லாந்தின் என்2ஐடி நிறுவனத்தார் கண்ட வழி ‘ஃபைனல் ஸ்கிராட்ச்’. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சந்தைக்கு வந்தது. 2004-இல் நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் தன் மென்பொருளைத் தந்தது.

இதன் உள்ளமைப்பு வியக்கத்தக்கது. மேடையில் சுழலும் வினைல் தட்டில் பாட்டே இல்லை. சீரான கீச்சொலி ஒன்றே பதிந்திருக்கும். அவ்வொலி ஓர் இடைமுகப் பெட்டி வழியே கணிப்பொறிக்குச் செல்லும். கீச்சின் சுருதி ஏறினால் தட்டு விரைகிறது, இறங்கினால் தளர்கிறது என்று மென்பொருள் அறியும். இடக்கால்வாய் அலையும் வலக்கால்வாய் அலையும் சற்றே முன்பின்னாகப் பதிந்திருப்பதால், எது முந்துகிறது என்பதைக் கொண்டு தட்டு முன்னோக்கிச் செல்கிறதா பின்னோக்கியா என்பது விளங்கும். ஒலிக்குள் பொதிந்த எண்குறியால் முள் நிற்கும் இடமும் தெரியும். கை எப்படி அசைகிறதோ அப்படியே கணிப்பொறிப் பாட்டு அசையும். தட்டு வெறும் ஏடு, எழுத்து வேறிடத்தில். இடையில் தாமதம் சில மில்லிவினாடிக்கு மேற்பட்டால் கைக்கும் காதுக்கும் பிணக்கு வரும். ஆகவே மென்பொருளில் அந்த அளவைக் குறைத்து வைப்பதே கணிப்பொறியைப் பூட்டுவோரின் முதற்கவலை. இவ்வகை மென்பொருள்களில் விலையின்றிக் கிடைக்கும் ‘மிக்ஸ்’, கோபனேகன் பல்கலைக்கழகத்தில் தூ ஹஸ்தே ஆண்டர்சன் செய்த முனைவர் பட்ட ஆய்வோடு சேர்ந்து 2001-இல் முளைத்தது. முனைவர் பட்ட ஆய்வு அலமாரியை விட்டு நடன மேடைக்குப் போன செய்தி எனக்குச் சற்றுப் பொறாமையளிக்கிறது.

பின் வந்த மென்பொருள்கள் பாட்டின் தாளத்தைத் தாமே அளந்து, ஒரு பொத்தானில் இரண்டையும் ஒன்றாக்கின. அவை தாளத்தைக் கடிகாரம் போல் கொள்கின்றன. நம் பழைய திரைப்பாடல்களோ தபேலாவும் டோலக்கும் அடித்தோர் கூடி அமர்ந்து பதிந்தவை. சரணத்தில் நடை ஓர் இழை ஏறும், பல்லவிக்குத் திரும்புகையில் தணியும். பொத்தான் அங்கே தடுமாறும். எஸ்.எல்.-1200 மேடையின் 1979-ஆம் ஆண்டு வடிவிலுள்ள நழுவுகோலோ வேகத்தை எட்டு விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் இடந்தரும்: நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டை ஏறத்தாழ 110 முதல் 130 வரை நகர்த்தலாம். நழுவுகோலில் விரல் வைத்துப் பாட்டைப் பின்தொடரும் கைக்கே பழம்பாடல் வசப்படும். உலகெங்கும் இயந்திரம் கையை விலக்க முயலும் காலத்தில், கணிப்பொறிக்காரர்கள் வெற்றுத் தட்டைச் செய்தேனும் கையைத் திரும்ப அழைத்தது வீண் ஆடம்பரம் அன்று என்பது என் கருத்து.

இருப்பினும் இடையறாத பாட்டு வந்தபின் இடைவெளி போயிற்று. இடைவெளி போனபின் மைக்கும் பெரும்பாலும் ஆடுவோரை ஊக்கும் கூவலுக்கே பயன்படுகிறது. மாஞ்சோலை போன்ற இடத்தில் இது சிறிய செய்தியன்று. அங்கே குடியிருந்த வீடு தோட்டத்தினுடையது. நடந்த நிலம் குத்தகைக்கு உட்பட்டது. வரி கொடுத்தவர் என்று ஒருவர் பெயர் குழாயில் மலைமுகடு கேட்க ஒலிக்கும் கணம், கூலிப் பதிவேட்டுக்கு வெளியே அவர் பெயர் பொதுவில் நின்ற கணம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் தோட்டத் தொழிலாளர் கோரிக்கைகளுக்காக நடந்த பேரணியில், தடியடிக்கு நடுவே ஆற்றில் இறங்கியோருள் 17 பேர் உயிரிழந்தனர். 2024-இல் நிறுவனம் தோட்டப் பணியை நிறுத்தி விருப்ப ஓய்வை முன்வைத்தது. குடும்பங்கள் பல மலையிறங்கின. குத்தகை முடியும் ஆண்டு 2028. கூலிப் பதிவேடுகள் எங்கேனும் இருக்கும். கொடையின் ஒலிக்கு அத்தகைய பதிவேடு இல்லை.

ஆனால் தட்டின் உறை உண்டு. செட்டுக்காரர்கள் தட்டுறையின் மீது தம் பெயரை முத்திரையிட்டும் மையால் எழுதியும் வைப்பர். சிலர் ஊரையும் நாளையும் கூடக் குறித்தனர். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தட்டுகள் பேணப்படுகின்றன. மலைத்தோட்டத்துச் செட்டுகளின் உறைகளை அவ்வாறு தேடிச் சேர்ப்பார் வேண்டும். இம்மலரைப் படிப்போரில் எவர் வீட்டுப் பரணிலேனும் தட்டுப்பெட்டி இருந்து, உறையில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று ஏதேனும் ஊர்ப்பெயர் எழுதியிருந்தால், பாட்டு தேய்ந்திருந்தாலும் உறையைக் கிழித்துவிடாமல் வட்டத்தின் செயலரிடம் காட்டுமாறு வேண்டுகிறேன். தட்டை இயக்கிப் பார்க்கச் சுழல்மேடை ஒன்று என்னிடம் உள்ளது.