நார்வே பயணச் செலவு

ஐரோப்பாவிலேயே விலைவாசி கூடுதலான நாடுகளில் ஒன்று நார்வே. அங்கே கூலி அதிகம்; அதனால் இன்னொருவர் நமக்காகச் செய்யும் எந்த வேலைக்கும் விலை கடுமை. மதிப்புக்கூட்டு வரி பொதுவாக 25 விழுக்காடு, உணவுப் பொருளுக்கு 15. ஒரே ரொட்டியைக் கடையில் உட்கார்ந்து தின்றால் முதல் வரி, பொட்டலமாக வாங்கிப் போனால் இரண்டாவது. ஆனால் மலையையும் கடலையும் பார்க்கக் காசு வேண்டாம். 604 மீட்டர் உயரப் பிரைக்கஸ்டூலன் பாறைக்கு நுழைவுச்சீட்டே கிடையாது; வண்டி நிறுத்தத்தான் கட்டணம்.

சாப்பாட்டில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் ‘மாட்பாக்கே’ கட்டி எடுத்துப் போவது அந்நாட்டு வழக்கம். ரொட்டித் துண்டுகளில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவே தாள் வைத்த மதியப் பொட்டலம் அது. ரெமா 1000, கிவி போன்ற கடைகளில் இதற்கான பொருள்கள் கிடைக்கும். ஞாயிறன்று பெரிய மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர். புட்டித் தண்ணீருக்குக் கொடுப்பது வீண்காசு. 4.7 விழுக்காட்டுக்கு மேல் ஆல்ககால் உள்ள மது ‘வின்மோனோபோலே’ என்ற அரசுக் கடையில் மட்டுமே கிடைக்கும்.

தங்கும் செலவைக் குறைக்கச் சட்டமே துணை. 1957-இல் வந்த திறந்தவெளிச் சட்டப்படி, பயிரிடாத நிலத்தில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, இரண்டு இரவு வரை யாரையும் கேளாமல் கூடாரம் போடலாம். மழைக்குக் கூரை வேண்டுமென்றால் மலைக்குடில்கள் இருக்கின்றன. 1868-இல் தொடங்கிய நார்வே மலைநடைச் சங்கத்துக்கு 500-க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. அவற்றில் ஒரு வகையில் காவலுக்கு ஆளில்லை. உறுப்பினர் தம் சாவியால் திறந்து, அடுப்பு மூட்டி, அலமாரியிலிருக்கும் டின் உணவை எடுத்துச் சமைத்து, எடுத்ததைத் தாமே எழுதிவைத்துப் பணம் கட்டுவார். பெரும்பாலும் யாரும் சரிபார்க்க வருவதில்லை. நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு. படுக்கை விரிப்பை மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலில் ஏறத்தாழ 7 மணி நேரம். இந்தப் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. முன்கூட்டியே வாங்கும் சலுகைச் சீட்டுக்கும் கடைசி நேரச் சீட்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். வாடகைக் கார் எடுப்பவர் சுங்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: சாவடியில் நிறுத்துவதில்லை, கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், பில் பிறகு வரும்.

புட்டிக்கும் டின்னுக்கும் 2 அல்லது 3 குரோனர் முன்பணம் விலையோடு சேர்ந்தே வாங்கப்படுகிறது. காலியானதைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் இரண்டு வழி காட்டும்: பணச்சீட்டு, அல்லது செஞ்சிலுவைச் சங்கத்துக்கு உதவும் லாட்டரி. செலவை எண்ணி எண்ணி நடப்பவர் சீட்டையே வாங்கிக்கொள்ளலாம். ரொட்டி விலையில் கொஞ்சம் கழியும்.