சாண்டோவின் தோளும் கோக்கோ டின்னும்

என் தந்தையார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மாலையில் குளித்துவிட்டுக் கையில்லாத வெள்ளைப் பனியன் ஒன்றை அணிந்து வாசற்படியில் அமர்வார். அதனை அவர் ‘சாண்டோ’ என்பார். துணிக்கு ஏன் அப்பெயர் என்று கேட்டால், “கடைக்காரன் அப்படித்தான் சொல்றான்” என்பதே விடை. அது ஒரு மனிதரின் பெயர் என்பதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்விப் பாடத்தின்போதுதான் யான் அறிந்தேன். திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் (1915–1978) தம் கட்டுடலால் பெற்ற அடைமொழியும் அம்மனிதரின் பெயரே என்பது அப்போது விளங்கிற்று.

யூஜென் சாண்டோ 1867ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். இளமையிலேயே நாட்டைவிட்டு வெளியேறி, பிரஸ்ஸல்ஸ் நகரில் ‘பேராசிரியர் அட்டிலா’ என்று பெயர் பூண்டிருந்த பயில்வானிடம் மாணவரானார். அட்டிலாவின் பாடம் எளியது: கனமான எடையைத் தூக்கு, அது எளிதாகிவிட்டால் இன்னும் கனமானதைத் தூக்கு. 1889இல் இலண்டன் மேடையில், தம்மை வெல்வார் உண்டோ என அறைகூவிய சாம்சன் என்னும் பயில்வானைச் சாண்டோ தோற்கடித்தார். 1893இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தோன்றியபோது, அவர் தூக்கிய எடைகளைக் காட்டிலும் அவருடைய உடலைக் காணவே மக்கள் திரண்டனர்.

சிக்கல் இதற்குப் பின்னரே தொடங்குகின்றது. 1897இல் சாண்டோ இலண்டனில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் திறந்தார். வலிமை பெறும் வழி பற்றி நூலும் எழுதினார். அஞ்சல்வழிப் பாடங்கள் பரவின. அவற்றில் அவர் பரிந்துரைத்தவை சில இராத்தல் எடையே உள்ள கைக்குண்டுகள். மனத்தைத் தசையில் ஒருமுகப்படுத்திப் பலமுறை அசைத்தால் போதும் என்பது அவர் போதனை. அலுவலகத்து எழுத்தரும் படுக்கையறையில் செய்யக்கூடிய பயிற்சி அது. எனவே நன்றாக விற்றது. ஆனால், தம் தோள்களை உருவாக்கிய கனத்த இரும்பை அவர் எவருக்கும் அஞ்சலில் அனுப்பவில்லை. இதனைப் பொய் என்று கூற எனக்கு மனமில்லை. அசையாதிருந்தவனை அசையச் செய்வதும் நன்மையே. எனினும் ஆசிரியர் தாம் கற்ற பாடத்தை மறைத்து வேறொன்றைக் கற்பித்தார் என்னும் குறை எஞ்சுகின்றது.

சிக்காகோவில் சாண்டோவைக் கண்டு வியந்தவருள் ஆலன் கால்வெர்ட் ஒருவர். அவர் 1902இல் பிலடெல்பியா நகரில், எடையைப் படிப்படியாகக் கூட்டக்கூடிய இரும்புத் தண்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். நிறுவனத்திற்கு ‘மைலோ’ எனப் பெயரிட்டார். மைலோ என்பான் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மல்லன். கன்றுக்குட்டி ஒன்றை நாள்தோறும் தூக்கிவந்தான், கன்று காளையாயிற்று, அவனும் காளையைத் தூக்குபவன் ஆனான் என்பது கதை.

சாண்டோவோ உணவுப் பக்கம் திரும்பினார். ‘பிளாஸ்மோன்’ என்னும் பாற்புரதத் தூள் விளம்பரங்களில் அவர் பெயர் இடம்பெற்றது. எழுத்தாளர் மார்க் டுவெய்ன் அத்தூளை நம்பி முதலீடு செய்து பெரும்பொருள் இழந்தது தனிக்கதை. பின்னர்ச் சாண்டோ தம் பெயரிலேயே உடல்நல வலிமைக் கோக்கோவை வெளியிட்டார். நெடுங்காலம் வேரூன்றியிருந்த கோக்கோ நிறுவனங்களுடன் போட்டி, 1914இல் போர், பிறப்பால் பிரஷ்யர் என்னும் பேச்சு வேறு. 1916இல் கோக்கோ நிறுவனம் வீழ்ந்தது. 1925இல் அவர் மறைந்தபோது, இலண்டன் இடுகாட்டில் பெயர்க்கல்லும் நாட்டப்படவில்லை.

1904–05இல் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்திருந்தார். வலிமைக் கலை அங்கே அவருக்கு முன்பே இருந்தது. தண்டாலும் கர்லாக்கட்டையும் அவர் கொண்டுவந்தவை அல்ல. உண்மையில் கர்லாக்கட்டையை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றுவிட்டனர். 1904, 1932 ஒலிம்பிக் விளையாட்டுகளில் கட்டை சுழற்றும் போட்டியே நடைபெற்றது. இரு மரபுகளையும் இணைத்தவருள் பெங்களூர் கே.வி. ஐயர் குறிப்பிடத்தக்கவர். சூரிய நமஸ்காரத்தையும் இரும்புத் தண்டையும் ஒரே கூடத்தில் பயிற்றினார். கன்னடத்தில் புதினங்கள் எழுதிய படைப்பாளியும் அவரே. எழுத்தாளர் சங்கத்து அன்பர்கள் இதனைச் சற்றே மனங்கொள்ள வேண்டும்!

தசை எவ்வாறு தடிக்கின்றது? சாண்டோ கழகம் திறந்த அதே 1897இல் இத்தாலிய ஆய்வாளர் மோர்புர்கோ, உழைக்கும் தசையில் ஏற்கெனவே உள்ள இழைகளே பருக்கின்றன எனக் காட்டினார். 1940களில் அமெரிக்கப் படை மருத்துவர் தாமஸ் டிலார்ம், முழங்காலில் அடிபட்ட வீரர்களுக்கு, பத்துமுறை மட்டுமே தூக்க இயலும் எடையை அளித்து, வலுக்கூடக்கூட எடையையும் கூட்டினார். கன்றுக்குட்டிக் கதை மருத்துவமனைக்குள் நுழைந்தது.

டின்னுக்கும் இரும்புக்கும் இடையிலான வழக்கில் என் உள்ளத்தைத் தொட்ட சான்று 1994இல் வெளிவந்தது. பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில், சராசரி 87 வயதுடைய 100 பேரை மரியா பியட்டரோன் குழுவினர் நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கால்களுக்கான எடைப்பயிற்சி, ஒன்றிற்குச் சத்துப்பானம், ஒன்றிற்கு இரண்டும், ஒன்றிற்கு இரண்டுமில்லை. பத்து வாரங்களில், பயிற்சி செய்தோரின் தசைவலிமை இருமடங்குக்கு மேலாயிற்று. பானம் மட்டும் அருந்தியோர்க்கு வலிமை கூடவில்லை. ஐம்பது வயதைக் கடந்து, பள்ளி மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும் எனக்கு இச்செய்தி எத்தனை மருந்தாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

புரதம் வேண்டாம் என்பதன்று. எடைப்பயிற்சி செய்வோர்க்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1.6 கிராம் வரை பயனுண்டு. அதற்குமேல் தசைக்குப் பெரிய ஆதாயமில்லை என்று 2018இல் வெளிவந்த ஆய்வுத்தொகுப்பு கூறுகின்றது. முட்டை, மீன், பருப்பு, தெம்பே ஆகியவற்றிலேயே அதன் பெரும்பகுதியைத் தேடிக்கொள்ளலாம். 1832இல் செவ்ரல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த கிரியேட்டின் என்னும் பொருளும் பயிற்சியுடன் சேரும்போது ஓரளவு துணைசெய்கின்றது. ஆனால் அண்மையில் என்னைக் காணவந்த பழைய மாணவன் ஒருவன், மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதியைப் புரத டின்களுக்குக் கொடுப்பதாகவும், பயிற்சிக்கூடம் செல்ல நேரமில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னான். என் தந்தையார் எந்தத் தூளும் அறியார். காண்டா வாளியில் பால் சுமந்தே அந்தப் பனியனை நிரப்பியிருந்தார்.

மைலோ என்னும் பெயர் இன்று இரும்புத் தண்டை எவருக்கும் நினைவூட்டுவதில்லை. 1934இல் ஆஸ்திரேலியாவில் அதே மல்லனின் பெயரைச் சூடிப் பிறந்த பானம் நம் வீட்டுக்கு வீடு இருக்கின்றது. சென்ற ஆண்டு விளையாட்டுப் போட்டியன்று குவளையும் கையுமாய் நின்ற மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னேன். “ஐயா, கடைசியில அந்த மாடு என்ன ஆச்சு?” என்று ஒரு சிறுமி கேட்டாள். ஒலிம்பியா அரங்கைச் சுற்றி நான்கு வயதுக் காளையைத் தோளில் சுமந்தபின், மைலோ அதனை ஒரே நாளில் தின்று தீர்த்தான் என்று பழைய நூல் கூறுகின்றது. யான் அவளிடம், “முதலில் தூக்கினான், அம்மா” என்று மட்டும் சொல்லி, அடுத்த ஓட்டப்பந்தயத்திற்கு விசில் ஊதினேன்.