குரா மரத்தின் கணக்கு

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசித்துவிட்டு, கையோடு ஒரு பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வேகவதி நதிக்கரையில் திருப்பருத்திக்குன்றம் என்று ஒரு சிற்றூர் இருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஜின காஞ்சி என்பதும் அதுவேதான். அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகரத்து இரண்டாம் ஹரிஹரரின் மந்திரியான இருகப்பர் 1387-88-இல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. கழுத்து நோவதைப் பொருட்படுத்தாமல் அண்ணாந்து பார்த்தால், ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் சரித்திரங்கள் விதானத்தில் வரிசை வரிசையாக விரியும். அந்தோ! பல இடங்களில் வர்ணம் உதிர்ந்து வெறும் சுண்ணாம்புதான் மிச்சம்.

இருப்பதையாவது படம் பிடித்து, துண்டு துண்டான படங்களைக் கணிப்பொறியில் ஒன்றாக ஒட்டிவிட வேண்டும் என்று 2009-இல் எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அனுமதி பெற்றுப் படங்களும் எடுத்தாயிற்று. ஆனால் என்னிடம் இருந்த பழைய கணிப்பொறியோ, நாலு படங்களைச் சேர்ப்பதற்குள் "நினைவகம் போதவில்லை" என்று கையை விரித்துவிட்டது. ஆகவே புதிதாக ஒன்று வாங்கினேன். அதில் இரண்டு இரண்டு ஜிகாபைட்டாக இரண்டு நினைவகப் பட்டைகள். மொத்தம் நாலு ஜிகாபைட். வீட்டுக்கு வந்து முடுக்கிப் பார்த்தால், திரையில் மூன்றேகால் என்று காட்டுகிறது. முக்கால் ஜிகாபைட்டைக் காணோம்!

பாலில் தண்ணீர் கலப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நினைவகத்திலுமா? கடைக்குப் போய் அந்தப் பையனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "சார், பட்டை இரண்டும் முழுசுதான். வேணும்னா எடுத்து எண்ணிப் பாருங்க" என்றான் பரிதாபமாக. எண்ணிப் பார்த்தேன், இரண்டும் இருந்தன. கோபம் மட்டும் தணியவில்லை.

அதே கோபத்தோடு காஞ்சிபுரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனேன். அவர் தறியிலிருந்து இறங்காமலே கதை முழுவதையும் கேட்டார். பிறகு தலைக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டியைக் காட்டினார்.

"ஐயா, இந்தப் பெட்டியிலே 240 கொக்கி. புட்டாவுக்கு 300 கயிறு தனித்தனியா தூக்கணும்னு நான் பட்டை வாங்கிக் குவிச்சா, பெட்டி தூக்குமா? நூல் பொய்யில்லீங்க, கொக்கிதான் இல்லே."

எனக்குச் சுருக்கென்றது. விஷயம் அதுவேதான்! அட்டையில் துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் தூக்காது. 1804-இல் பிரான்சு தேசத்து ஜக்கார்டு செய்த இந்த ஏற்பாட்டில் உள்ள துளையிட்ட அட்டைதான், 1890-இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்கு ஹாலரித் வகுத்த இயந்திரங்கள் வழியாகக் கணிப்பொறிக்கும் வந்து சேர்ந்தது. கணிப்பொறிக்கும் கொக்கி உண்டு. நினைவகத்தின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவிலக்கம் வேண்டும். 32 பிட் முறையில் எழுதக்கூடிய கதவிலக்கங்கள் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். அதாவது சரியாக நாலு ஜிகாபைட். அந்த இலக்கங்களிலேயே திரைப்படம் காட்டும் அட்டை முதலிய உறுப்புகளுக்கும் பங்கு கொடுத்தாக வேண்டும். அவை எடுத்துக்கொண்டது போக எனக்கு மிஞ்சியது மூன்றேகால். அறைகள் இருந்தன, அழைக்க இலக்கம் இல்லை!

இப்படி ஏமாந்தவன் நான் ஒருவன் அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1960-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்கள் கட்டிய டிஃப்ராக் இயந்திரத்துக்கு 2,048 சொற்கள்தான் நினைவகம். சொல் ஒன்றுக்கு 40 பிட். இன்றைய கணக்கில் வெறும் 10 கிலோபைட். அதை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் பெரிய பெரிய கணக்குகளைப் போட்டார்கள். 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட சொந்தக் கணிப்பொறிக்கு 20 பிட் இலக்கம். மொத்தம் ஒரு மெகாபைட். அதிலும் உறுப்புகளுக்கு ஒதுக்கியது போக, நிரல்களுக்கு 640 கிலோபைட். சில வருஷங்களிலேயே அது போதாமல் போயிற்று. 1985-இல் 32 பிட் கொண்ட 80386 சில்லு வந்தபோது, நாலு ஜிகாபைட் கற்பனைக்கும் எட்டாத சமுத்திரம். 24 வருஷங்களுக்குள் அந்தச் சமுத்திரம் என் மேஜைமேல் வந்து, எனக்கே பற்றாமல் போய்விட்டது. ஒவ்வொரு தலைமுறையும் "இவ்வளவு போதும்" என்று கோடு போட்டது. அடுத்த தலைமுறை அந்தக் கோட்டில் கால் தடுக்கி விழுந்தது.

திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் ஒரு குரா மரம் உண்டு. அது தன் அளவில் குன்றாமலும் உயராமலும் நின்று மன்னனின் செங்கோலைக் காட்டுகிறது என்று அங்கே ஒரு கல்வெட்டுப் பாட்டுச் சொல்கிறது. தன் அளவு இவ்வளவுதான் என்பதைக் கல்லிலேயே எழுதி வைத்துக்கொண்ட மரம்! நான் வாங்கிய பெட்டியின் மீது அப்படி ஒரு வரி இருந்திருந்தால், ஒரு பையனின் மனத்தை நோகடித்திருக்க மாட்டேன்.

பிறகு 64 பிட் இயக்க மென்பொருளை ஏற்றியதும் காணாமற்போன முக்கால் திரும்பி வந்தது. நேமிநாதர் கதையில் ஒரு வரிசையை முழுதாக ஒட்டி முடித்தேன். படத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி, நீ கொடுத்தது முழுசுதான். நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன்" என்றேன்.

பையன் படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தான். "இது எந்த ஊர் சார்?" என்று கேட்டான்.