கணினி ஸ்டாண்ட் பழுதாகிவிட்டதா? வாரண்டி முடிந்த பிறகும் தயாரிப்பாளரைக் கேட்கலாம்

காலையில் கணினி முன் உட்காருகிறீர்கள். திரை நேராக நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் மாதிரி முன்பக்கம் குனிந்து கிடக்கிறது. நிமிர்த்தி வைத்தால் இரண்டு நிமிடம் நிற்கும், அப்புறம் மெல்ல மெல்லச் சரியும். அடியில் ஒரு தடிமனான புத்தகத்தை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறீர்கள். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. போனது ஸ்டாண்ட் மட்டும்தான்.

வாரண்டி ஒரு வருடம், அது முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "இது ஃபிசிக்கல் டேமேஜ். வாரண்டியில் வராது. காசு கட்டித்தான் மாற்றணும்." இதைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேர் போனை வைத்துவிடுவோம். உண்மையில் பேச்சைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான். ஏனென்றால், மலேசியாவில் உங்கள் உரிமை வாரண்டி அட்டையோடு முடிந்துவிடுவதில்லை.

விழுந்து உடைந்ததா, தானாகத் தளர்ந்ததா?

முதலில் ஸ்டாண்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், சர்வீஸ் கவுண்டரில் பேசுவது பாதி சுலபமாகிவிடும். திரையை மேலும் கீழும் சாய்க்கும் இடத்தில் ஒரு கீல் இருக்கும். அதற்குள் சில வாஷர்களை ஒன்றோடு ஒன்று இறுக்கி வைத்திருப்பார்கள். அவற்றின் உராய்வுதான் திரையை நீங்கள் விட்ட கோணத்தில் பிடித்து நிறுத்துகிறது. உயரத்தை மாற்றக்கூடிய ஸ்டாண்டுகளில் கூடுதலாக ஒரு ஸ்பிரிங், திரையின் எடைக்கு எதிராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த வாஷரில் ஒன்று நொறுங்கினாலோ, ஸ்பிரிங் தன் இழுவிசையை இழந்தாலோ, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் திரை தொங்கிவிடும்.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கீழே விழுந்த கணினியில் அடிபட்ட தடம் இருக்கும்: மூலை நசுங்கியிருக்கும், கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், அடித்தட்டு வளைந்திருக்கும். உள்ளே பாகம் தேய்ந்த கணினியில் அது எதுவும் இருக்காது. சாதாரணமாக மேசையில் நின்ற பொருள், சாதாரணமாகச் சாய்த்துப் பார்த்ததில் தளர்ந்துபோனால், அதைப் பயன்படுத்தியவரின் தவறு என்று சட்டென முடிவு கட்ட முடியாது.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் 27 அங்குல ஐமேக். 2012 கடைசியில் வந்த மெலிந்த வடிவத்தின் எடை சுமார் 9.5 கிலோ. அதில் திரைப் பகுதியின் எடையை ஒரே கீல் தாங்குகிறது. சில கணினிகளில் கீலுக்குள் இருந்த பாகம் உடைந்து, திரை முன்பக்கம் விழுந்து தொங்க ஆரம்பித்தது. அதைச் சரிசெய்வதும் லேசான வேலை இல்லை. அந்த மாடலில் முன்கண்ணாடியைப் பசை நாடாவால் ஒட்டியிருப்பார்கள். கீலைத் தொட வேண்டுமானால் அந்தப் பசையை வெட்டித் திரையையே கழற்ற வேண்டும். சின்ன பாகம், பெரிய கூலி.

2016இல் ஆப்பிள் இதற்கென்றே ஒரு பழுதுபார்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2012 டிசம்பரிலிருந்து 2014 ஜூலை வரை விற்கப்பட்ட 27 அங்குல ஐமேக்குகளில் இந்தக் கோளாறு இருந்தால், வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருடம் வரை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அந்தக் கணினியோடு வந்த சாதாரண வாரண்டி எவ்வளவு தெரியுமா? ஒரு வருடம்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்: உங்கள் மாடலின் பெயரோடு "ஹிஞ்ச்", "ஸ்டாண்ட்", "ரிப்பேர் புரோகிராம்" என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட கோளாறாக இருந்தால், நீங்கள் வாதாட வேண்டிய அவசியமே இல்லை. சீரியல் எண்ணைக் கொடுத்தால் போதும். கவுண்டரில் இருக்கும் ஊழியருக்கு அப்படியொரு திட்டம் இருப்பது தெரியாமலும் போகலாம். நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

வாரண்டி வேறு, சட்டம் வேறு

அப்படித் திட்டம் எதுவும் இல்லையென்றால்? அங்கேதான் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. வாரண்டி என்பது நிறுவனம் தானாகக் கொடுக்கும் வாக்குறுதி. சட்டம் அதற்கு மேல் சில உத்தரவாதங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அட்டையில் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் அவை பொருளோடு கூடவே வரும். "எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்" என்று ரசீதின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்து அவற்றை நீக்கிவிட முடியாது.

ஸ்டாண்ட் விஷயத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். 32ஆவது பிரிவு, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பானதாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருப்பது அந்தத் தரத்தில் அடக்கம். எவ்வளவு நாள் உழைக்க வேண்டும் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. விலை, பொருளின் தன்மை, அதைப் பற்றிச் சொல்லப்பட்டவை எல்லாவற்றையும் வைத்து, ஒரு நியாயமான பயனீட்டாளர் என்ன எதிர்பார்ப்பார் என்றுதான் பார்ப்பார்கள். 60 ரிங்கிட்டுக்கு வாங்கிய ஸ்டாண்டையும் 6,000 ரிங்கிட் கணினியோடு வந்த ஸ்டாண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள். ஆனால் 6,000 ரிங்கிட் கணினி பதினாறாவது மாதத்தில் தலையைத் தொங்கப் போட்டால், அதை நியாயம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று 37ஆவது பிரிவு. அவ்வளவாக யாரும் பேசாத பிரிவு இது. பழுதுபார்க்கும் வசதியும் உதிரி பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. விற்கும்போதே "இதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் தரமாட்டோம்" என்று உங்களுக்குத் தெரியப்படுத்த முயற்சி எடுத்திருந்தால்தான் அவர்கள் இதிலிருந்து தப்ப முடியும். "அந்த ஸ்டாண்ட் இப்போ வர்றதில்லை, புது செட் வாங்கிக்குங்க" என்ற பதில் வந்தால், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு இது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நியாயமான பயன்பாட்டுக்கு மாறாக நீங்கள் நடந்துகொண்டு, அதனால்தான் பொருள் கெட்டது என்றால், சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. திரையைப் பிடித்துக் கணினியைத் தூக்கி நடப்பது, தாங்கும் அளவுக்கு மேல் எடையுள்ள மானிட்டரை மாட்டுவது எல்லாம் அந்த வகை.

சரி, தயாரிப்பாளர் வெளிநாட்டில்தானே இருக்கிறார்?

நல்ல கேள்வி. இங்கே மலேசியச் சட்டம் கொஞ்சம் முன்யோசனையோடு எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் தயாரான பொருளாக இருந்து, தயாரித்த நிறுவனத்துக்கு மலேசியாவில் வழக்கமான தொழிலிடம் இல்லையென்றால், அதை இங்கே இறக்குமதி செய்பவரோ விநியோகிப்பவரோ தயாரிப்பாளராகவே கருதப்படுவார். தன் பெயரையோ பிராண்டையோ பொருளில் பொறித்துக்கொள்பவரும் அப்படியே. ஆகவே பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லையென்றால் அதன் ஓரத்தைப் பாருங்கள். இறக்குமதியாளரின் பெயர் பெரும்பாலும் அங்கே ஒட்டியிருக்கும்.

விற்ற கடையும் பொறுப்பிலிருந்து விலக முடியாது. "நாங்க விக்கிறவங்கதான், நீங்க பிராண்டைக் கேளுங்க" என்பது லோ யாட் பிளாசாவிலும் கேட்கும், இணையக் கடையின் சாட்டிலும் கேட்கும். ஆனால் தரக் குறைபாட்டைச் சரிசெய்து தரும்படி முதலில் விற்பனையாளரைக் கேட்கும் உரிமை சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், வேறு இடத்தில் சரிசெய்துகொண்டு அந்தச் செலவை அவரிடம் கேட்கலாம்.

தயாரிப்பாளரிடம் கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் பழுதுபார்ப்பையே கேட்கலாம். முதலில் அப்படிக் கேட்டு, அவர்கள் மறுத்த பிறகோ சரியாகச் செய்யாத பிறகோதான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். வாரண்டி முடிந்துவிட்டால், 32ஆவது பிரிவை வைத்து அவரிடம் நீங்கள் கேட்பது பெரும்பாலும் பணம்: கோளாறால் பொருளின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அதற்கான இழப்பீடு. கேட்க வித்தியாசமாக இருக்கும். நடைமுறையில், பணம் கொடுப்பதைவிட ஒரு கீலை மாற்றிக் கொடுப்பது நிறுவனத்துக்கு மலிவு. அதனால்தான் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வைத்தால் பேச்சின் தொனியே மாறுகிறது.

எழுத்தில் கேளுங்கள்

போனில் பேசியது காற்றோடு போய்விடும். மின்னஞ்சலாகவோ அவர்களின் சர்வீஸ் சாட்டிலோ கேளுங்கள். சாட் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அதற்கு முன் ஆதாரம். திரையை நிமிர்த்தி, கையை எடுத்து, அது சரிவதை ஒரு நிமிடக் காணொளியாக எடுங்கள். நான்கு மூலைகளையும் அடித்தட்டையும் பக்கத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். எங்கேயும் அடிபட்ட தடம் இல்லை என்பதற்கு இதுதான் சாட்சி. கணினியை சர்வீஸ் சென்டரில் ஒப்படைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். திரும்பி வரும்போது ஒரு கீறல் இருந்தால், அது எப்போது வந்தது என்று நிரூபிக்கத் திண்டாடுவீர்கள். ரசீது தொலைந்துவிட்டதா? இணையத்தில் வாங்கியிருந்தால் ஆர்டர் விவரம் கணக்கிலேயே இருக்கும். கடையில் வாங்கியிருந்தால் வங்கி அறிக்கை உதவும்.

எழுதும்போது கோபம் வேண்டாம், நீளமும் வேண்டாம். மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, விலை. எப்போதிலிருந்து சரிகிறது, எப்படிப் பயன்படுத்தினீர்கள். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32, 37 பிரிவுகளின்படி கட்டணமில்லாமல் சரிசெய்து தரக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று இன்னொரு வரி. 14 நாள் கொடுப்பது நியாயமாக இருக்கும். ஆங்கிலமோ மலாயோ, உங்களுக்கு எது சரளமோ அதில் எழுதுங்கள்.

"ஃபிசிக்கல் டேமேஜ்" என்று பதில் வந்தால், ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: எந்தப் பாகம் உடைந்திருக்கிறது, எதை வைத்து வெளியடி என்று சொல்கிறீர்கள், எழுத்தில் தர முடியுமா? தொழில்நுட்பர் உள்ளே பார்த்து எழுதிக் கொடுத்தால் பிரச்சினை என்னவென்று இருவருக்கும் தெரிந்துவிடும். பார்க்காமலே சொன்னதாக இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். கூடவே, காசு கொடுத்துச் சரிசெய்வதற்கான மதிப்பீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு நீங்கள் கோரும் தொகைக்கு அதுவே அடிப்படை.

இந்தக் காலத்தில் நீங்களாக ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்காதீர்கள். யூடியூபில் பார்த்தால் சுலபமாகத்தான் தெரியும். ஆனால் கழற்றிய பொருளைப் பற்றி வாதாடுவது கஷ்டம். திரையை நிமிர்த்தி வைத்தே தீருவேன் என்று முட்டுக் கொடுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பத்துக் கிலோ திரை முன்பக்கம் சரிவது விளையாட்டு இல்லை. தனி மானிட்டராக இருந்து, பின்பக்கம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு துளை இருந்தால், அது வீசா எனப்படும் பொது அளவு. தற்காலிகமாக வேறொரு தாங்கியில் மாட்டிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், மலிவான மானிட்டருக்குச் சில சமயம் அதுவே நிரந்தரத் தீர்வாகவும் ஆகிவிடும். சண்டை போட எல்லோருக்கும் நேரம் இருப்பதில்லை.

ஐந்து ரிங்கிட்டில் ஒரு வழக்கு

நிறுவனமும் கடையும் கைவிரித்துவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மலாயில் சுருக்கமாக டிடிபிஎம் என்பார்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். 2019இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன் இந்த உச்சவரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். வழக்கறிஞர் வைத்து வாதாட இரு தரப்புக்கும் அனுமதி இல்லை. ஆகவே எதிரில் பெரிய நிறுவனம் என்றாலும், அவர்கள் சார்பில் வருபவர் அங்கே வேலை செய்யும் ஊழியராகத்தான் இருப்பார்.

முதல் பாரத்தில் யார் மீது கோரிக்கை, என்ன நடந்தது, எவ்வளவு தொகை என்று எழுத வேண்டும். விற்பனையாளர், தயாரிப்பாளர் இருவரின் பதிவுப் பெயரையும் சரியாக எழுதுங்கள். கடைப் பலகையில் இருக்கும் பெயரும் நிறுவனப் பதிவில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கலாம். ரசீதைப் பார்த்தால் தெரியும். பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும். பொருளைச் சரிசெய்து கொடு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று எந்த உத்தரவையும் பிறப்பிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

ஜோகூரிலிருந்து பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் வாங்கியவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் லா’ விற்பனையாளரைத்தான் பொறுப்பாக்குகிறது, தயாரிப்பாளரை அல்ல. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது கடையின் வேலை. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடும். அதனால் அங்கே வாங்கிய கணினியின் ஸ்டாண்ட் லேசாகத் தளர்வது போலத் தெரிந்தாலே, அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றைக்கே கடைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.